தாயின் மனக்கவலையும் வீட்டு ஆகாரமும்

ஏழைக் குடியானவர் இல்லங்களில் தாய் கடைசியில் உண்பதே வழக்கம். மிஞ்சியதே அவள் பங்கு. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுற்றவர். இரத்தக் குறைவால் அயர்வு உண்டாகிறது. அயர்வு மனச்சோர்வை வளர்க்கிறது. கடனை எண்ணிக் கலங்கும் தாய்க்குக் கீரை ஆய்ந்து சமைக்க ஊக்கம் ஏது? குழந்தை அழுதால் கடைப் பலகாரம் கொடுத்து அமர்த்துகிறாள். இதனை அறியாமையென்று பழித்தல் தகாது. ஆகார போதனையைத் தாய்க்கு மட்டும் செய்வதாற் பயனில்லை. புருஷனுக்கும் செய்தல் வேண்டும். புழக்கடையில் முருங்கையும் அகத்தியும் நட்டு வளர்ப்பதும், விறகும் தண்ணீரும் கொணர்வதும், கூலிப்பணத்தை அவளுடன் கலந்து செலவிடுவதும் அவன் கடமையாம். யாவரும் ஒருங்கே அமர்ந்து உண்பராயின் அவள் பங்கு குறையாது. பாரம் பகிரப்படின் அவள் மனமும் தேறுமென்பது திண்ணம்.