உழுபவர் பெயருக்கு மானியம் வரட்டும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது வார்ட்டன் கவுன்டி. தட்டையான, நெல் விளையும் பூமி. அங்குள்ள எல் கேம்போ என்ற சிற்றூரின் பக்கத்தில் பழைய வயல்கள் வீட்டுமனைகளாக மாறியிருந்தன. நெல்லே பயிரிடாத ஒரு மனைக்காரருக்கு, அந்த மண்ணில் எப்போதோ நெல் விளைந்தது என்ற ஒரே காரணத்துக்காக, ஆண்டுக்குச் சுமார் 1,300 டாலர் வேளாண் மானியம் வந்துகொண்டிருந்தது. 2006 ஜூலையில் இதை வெளிக்கொண்டுவந்த ‘வாஷிங்டன் போஸ்ட்’, 2000-க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்கு நாடு முழுவதும் 130 கோடி டாலர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கிட்டது.

இதில் சட்டமீறல் எதுவுமே இல்லை என்பதுதான் வேதனை. 1996-ல் வந்த வேளாண் சட்டம், பழைய சாகுபடிப் பரப்பைக் கணக்கில் கொண்டு பணம் கொடுத்தது. அந்த ஆண்டு என்ன பயிர், பயிர் உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. விவசாயி தன் விருப்பப்படி பயிரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த விதி அது.

அதன் அடி விழுந்தது குத்தகை விவசாயிகள் மேல். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் மானியம் சாகுபடி செய்பவருக்குப் போகும், அல்லது அவரோடு பங்கிட வேண்டியிருக்கும். குத்தகையை முறித்து வயலை மாட்டு மேய்ச்சலுக்கு விட்டாலோ முழுத் தொகையும் உடைமையாளருக்கு. பல தலைமுறைகளாக நெல் பயிரிட்டவர்களின் கையிலிருந்து டெக்சாஸில் வயல்கள் இப்படித்தான் நழுவின.

புதிய பாடமும் அல்ல இது. 1933-ல் பருத்தி விலையைத் தூக்கி நிறுத்த, நின்ற பயிரையே உழுது அழிக்க அமெரிக்க அரசு பணம் கொடுத்தது. சுமார் ஒரு கோடி ஏக்கர் அழிந்தது. பணம் நிலக்கிழாருக்குப் போனது. வாரத்துக்கு உழுதவர்கள் பலர் குடிசைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். மறு ஆண்டே ஆர்கன்சாவின் டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் கட்டியது அந்தக் கொதிப்பில்தான்.

1996-ன் நேரடி மானியத்தை 2014-ல் நிறுத்தினார்கள். ஆனால் பழைய பரப்பை அடிப்படையாகக் கொள்ளும் முறை விலை ஆதரவுத் திட்டங்களில் தொடர்கிறது. 2025 ஜூலைச் சட்டம், நெல்லுக்கான ஆதார விலையை நூறு பவுண்டுக்கு 14 டாலரிலிருந்து 16.90 டாலராகவும், ஒருவர் பெறக்கூடிய உச்ச வரம்பை 1.25 லட்சத்திலிருந்து 1.55 லட்சம் டாலராகவும் உயர்த்தியிருக்கிறது. மழையையும் சந்தையையும் நம்பிப் பிழைக்கும் விவசாயிக்கு அரசின் கை தேவை. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்தக் கை யாரைத் தாங்குகிறது என்பதே கேள்வி.

அதே கேள்வி காவிரிப் படுகையிலும் நிற்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் சொந்தமாக உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே. கோயில் நிலத்தையும், நகரத்தில் குடியேறிவிட்ட பட்டாதாரரின் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து நாற்று விட்டு, களை பறித்து, உரத்துக்குக் கடன் வாங்குபவர் அந்தப் பட்டியலில் இல்லை. குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற உடைமையாளரின் பயம், அந்தச் சட்டத்தைப் பெருமளவு ஏட்டோடு நிறுத்திவிட்டது.

இந்தப் பயத்தைத் தீர்க்க ஆந்திரம் 2019-ல் ஒரு வழி கண்டது. நில உரிமையைத் தொடாமல், பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை. அதற்கும் உடைமையாளர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததுதான் அதன் பலவீனம். ஒடிசாவின் காலியா திட்டம் வாரதாரரையும் நிலமற்ற வேளாண் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது.

தமிழக அரசு இன்னும் ஓர் அடி முன்னே போகலாம். எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று அடங்கலில் எழுதுவது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. அந்தப் பதிவில் உழுபவரின் பெயரையும், உடைமையாளர் கையெழுத்தை எதிர்பார்க்காமல், எழுத அரசு ஆணையிட வேண்டும். பயிர்க்கடனும் காப்பீடும் வெள்ள நிவாரணமும் அந்தப் பெயருக்கே போகட்டும். வரும் சம்பா பருவத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.