பிறப்பு எண் 31, பயிற்சி எண் 252!

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு



ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய்ப்பாசம், அறிவியல் வளர்ச்சி என்று எழுதுவார்கள். நான் வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "பட்டனை அமுக்குறதுக்கு எதுக்குடா கட்டுரை?" என்றான் ஒருவன். நான் சொல்லும் விளையாட்டில் பட்டனை வேகமாக அமுக்கி ஒரு பிரயோஜனமும் கிடையாது. தாயக்கட்டத்தைப் போல உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை. நான் யோசித்து முடிக்கும்வரை எதிராளி அப்படியே நிற்பான். இதைத்தான் 'டர்ன் பேஸ்டு' சண்டை என்கிறார்கள். அங்கே சண்டை போடுவது எண்கள். உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மார்க் ஷீட் உண்டு. அதற்குப் பெயர் 'ஸ்டாட்ஸ்'.

இந்த மார்க் ஷீட் கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டுக்குக் காகிதமும் பென்சிலும் பகடையும்தான் கருவிகள். மூன்று பகடைகளை உருட்டினால் 3 முதல் 18 வரை ஏதோ ஒன்று விழும். அதுதான் உன் பலம், அதுதான் உன் அறிவு. பிறகு ஜப்பானில் 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்', 1987-இல் 'ஃபைனல் ஃபேண்டஸி', 1996-இல் 'போக்கிமான்' என்று அதே எண்கள் டி.வி. திரைக்கும் கையடக்கக் கருவிக்கும் வந்து சேர்ந்தன.

"லெவல் பெருசா இருந்தா ஜெயிச்சிடலாம், அவ்வளவுதானே?" என்று சொல்பவர்கள்தான் அதிகம். இதை நான் அடியோடு மறுக்கிறேன். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது சூத்திரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கணக்கு என்றாலே ஓடும் நண்பர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளவும்!

டிராகன் குவெஸ்ட் வரிசையின் அடிப்படைக் கணக்கு ஏறக்குறைய ஒரு கழித்தல். என் தாக்குதலில் பாதியை எடுத்து, அதிலிருந்து எதிராளியின் தற்காப்பில் கால் பங்கைக் கழிக்க வேண்டும். என் தாக்குதல் 100, அவன் தற்காப்பும் 100 என்றால் 50-இல் 25 போக 25 விழும். அவன் தற்காப்பு 200 ஆகிவிட்டால்? 50-இல் 50 போய்விடும். எவ்வளவு அடித்தாலும் பூஜ்யமோ ஒன்றோதான். போக்கிமானில் கணக்கே வேறு. லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, இரண்டு கூட்டு. அதை அடியின் சக்தியாலும் என் தாக்குதலாலும் பெருக்கி, எதிராளியின் தற்காப்பால் வகு. மறுபடி 50-ஆல் வகுத்து, இரண்டு கூட்டு. லெவல் 50, அடியின் சக்தி 80, இரண்டு பக்கமும் 100 என்று வைத்தால் அதிகபட்சம் 37 வரும். அவன் தற்காப்பு இரண்டு மடங்கானால் 19. நான்கு மடங்கானாலும் 10!

பார்த்தீர்களா? கழித்தல் கணக்கில் எளியவன் அடி ஒன்றுமில்லாமல் போகிறது. வகுத்தல் கணக்கில் எளியவன் அடியும் ஒரு தழும்பையாவது விட்டுவிட்டுப் போகிறது. எனக்கு வகுத்தல்தான் பிடிக்கும். டிராகன் குவெஸ்ட் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

வேகம் என்ற எண் இன்னும் கொடூரமானது. மற்ற எண்களில் ஒன்று குறைந்தால் அடி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வேகத்தில் ஒரே ஒரு புள்ளி குறைந்தால் எல்லா டர்னிலும் நான் இரண்டாவதுதான். இருவருமே எதிராளியை இரண்டு அடியில் வீழ்த்தக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 101 உள்ளவன் இரண்டாவது அடியை அடித்து முடிக்கும்போது, வேகம் 100 உள்ளவன் ஒரு தடவைதான் கை ஓங்கியிருப்பான். ஒரு மார்க்கில் கவுன்சிலிங் வரிசையில் பின்னால் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

போக்கிமானில் முதலில் இனத்தின் எண். மேஜிகார்ப் என்ற மீனுக்குத் தாக்குதல் 10. அதுவே லெவல் 20-இல் கியாரடோஸ் ஆக மாறினால் 125. (வேகம் மட்டும் 80-இலிருந்து 81. ஏன் இந்தக் கஞ்சத்தனமோ!) அடுத்தது பிறப்பு எண். 2002-இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளிலிருந்து ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் பிறக்கும்போதே 0 முதல் 31 வரை ஒரு எண் விழுகிறது. முட்டையிலிருந்து வரும் குட்டிக்கு ஆறில் மூன்று எண்கள் பெற்றோரிடமிருந்தே வரும். 2013 முதல் பெற்றோரில் ஒன்றின் கையில் 'டெஸ்டினி நாட்' என்ற பொருளைக் கொடுத்துவிட்டால் ஐந்து எண்கள் வரும். நல்ல எண் உள்ள வீட்டில் பிறந்தால் நல்ல எண்!

மூன்றாவது பயிற்சி எண். இதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஜூபாட் என்ற வௌவாலை ஒருமுறை வீழ்த்தினால் வேகத்தில் 1 சேரும். ஜியோடூட் என்ற கல்லை வீழ்த்தினால் தற்காப்பில் 1 சேரும். ஒரு ஸ்டாட்டில் 252 வரை பயனுள்ளபடி சேர்க்கலாம், மொத்தம் 510 தான். லெவல் 100-இல் நான்கு பயிற்சிக்கு ஒரு புள்ளி என்று கணக்கு. அதாவது 252-க்கு 63 புள்ளி. பிறப்பு எண் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தருவது 31 புள்ளிதான். பாதிகூட இல்லை! அதைவிட முக்கியம், பயிற்சி எண் பரம்பரையாக வராது. ராஜா வீட்டுக் குட்டியும் முட்டையை உடைத்து வெளியே வரும்போது பயிற்சி பூஜ்யம்தான்.

எங்கள் வீட்டில் அப்பா லோடுமேன். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். 63, 31 என்ற இரண்டு எண்களை ஒரு நண்பன் போனில் முதலில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "31-ஓட பொறந்தவனும் 252 வௌவால் அடிச்சா என்னடா பண்ணுவே?" நியாயமான கேள்விதான். அப்போது 31 வித்தியாசம் அப்படியே நிற்கும், அவன்தான் முந்துவான். ஆறு ஸ்டாட்டையும் கூட்டினால் பிறப்பு 186 புள்ளி வரை தரும். 510 பயிற்சியோ 127 தான் தரும். ஆகவே எல்லாவற்றிலும் முந்தப் பார்ப்பவன் ஏமாறுவான். இரண்டைத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் 252 நிரப்ப வேண்டும், மீதி 6 தான் இருக்கும். 1996 பதிப்பில் இந்த உச்சவரம்பு இல்லை, பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் நிரப்பலாம். 2002-இலிருந்துதான் தேர்ந்தெடுக்கும் கட்டாயம். வேகம் வேண்டாம் என்று விட்டுவிட்டவனுக்கும் வழி இருக்கிறது. 'க்விக் அட்டாக்' போன்ற அடிகள் வேகத்தைப் பார்க்காமல் முந்திக்கொள்ளும், சக்தி 40 தான் என்றாலும். 2006-இல் வந்த 'ட்ரிக் ரூம்' போட்டால் ஐந்து டர்னுக்கு வரிசையே தலைகீழ், மெதுவானவன்தான் முதலில்!

என் குற்றச்சாட்டு பிறப்பு எண் மீது இல்லை. மறைத்து வைத்த எண் மீதுதான். 1996-இலிருந்தே இந்த எண்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன, விளையாடுபவனுக்குக் காட்டவில்லை. பயிற்சி எண் திரையில் வரைபடமாகத் தெரிந்தது 2013-இல் எக்ஸ், ஒய் பதிப்புகளில்தான். பதினேழு வருடம்! அதுவரை விஷயம் தெரிந்த அண்ணன் இருந்தவன் வௌவாலைத் தேடிப் போனான். மற்றவன் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து 510-ஐயும் வீணாக்கினான். உழைப்பு ஒன்றுதான், பலன் வேறு. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எப்போது, டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பதெல்லாம் படித்தவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். நமக்கு நோட்டீஸ் போர்டில் யாராவது ஒட்டினால்தான் உண்டு.

காட்டினால் மட்டும் போதுமா என்றால், காட்டும் எண் உண்மையாகவும் இருக்க வேண்டும். 1987-இன் முதல் ஃபைனல் ஃபேண்டஸியில் 'அறிவு' என்று ஒரு ஸ்டாட் திரையில் கம்பீரமாக நிற்கும். புரோகிராமில் இருந்த கோளாறினால் அது மந்திர அடியில் சேரவே இல்லை. மந்திரவாதிக்கு அறிவு ஏறினாலும் ஒன்றுதான், ஏறாவிட்டாலும் ஒன்றுதான். பின்னால் வந்த மறுபதிப்புகளில் சரிசெய்தார்கள்.

போக்கிமான்காரர்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். 2016-இல் சன், மூன் பதிப்புகளில் 'பாட்டில் கேப்' என்ற மூடியைக் கொடுத்தால் பிறப்பு எண் குறைந்தவனையும் 31 உள்ளவனாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஆனால் அதற்கு லெவல் 100 ஆகியிருக்க வேண்டும். மலை ஏறி முடித்தவனுக்கு ஊன்றுகோல் தருவது போல! 2022-இல் ஸ்கார்லெட், வயலெட்டில் அதை லெவல் 50 ஆகக் குறைத்தார்கள். லெவல் 5-லேயே கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறேன்.