போடி மலையும் கடத்தல் வழக்குகளும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கங்களுக்குச் சென்று அந்தி வேளையில் திரும்புகின்றனர். அதுவரையில் அவர்களுடைய குழந்தைகளுக்குக் காவல் கிழவிகளும் பள்ளிக்கூடமுந்தான். மலையுச்சியில் ஓர் எல்லைக் கோடு ஓடுகிறது. முன்பு அது திருவாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை; தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடையாமற்போன 1956-ஆம் வருஷத்திலிருந்து கேரள எல்லை. இவ்வூரில் ஒரு பிள்ளை காணாமற் போனால் தாய் ஒரு ராஜ்யத்திலும் பிராது வாங்கவேண்டிய போலீஸ் ஸ்டேஷன் மற்றொரு ராஜ்யத்திலும் இருப்பது சகஜம். ஆகவே கடத்தல் வழக்குகள் கோர்ட்டில் என்ன கதியை அடைகின்றன என்பது இவ்வூராருக்கு வெறும் வக்கீல்கள் விவகாரமன்று.

கடத்தல் என்ற ஒரே வார்த்தைக்குள் சட்டம் மிகவும் வேறுபட்ட காரியங்களை அடக்கி வைத்திருக்கிறது. ஏழு வயதுச் சிறுவனைப் பணத்துக்காகத் தூக்கிச் செல்பவனும், பதினெட்டு நிரம்பச் சில தினங்களே குறைவான பெண் தானாகப் புறப்பட்டு வர அவளுடன் மலையேறிச் சென்ற வாலிபனும், முதல் பிராதில் ஒரே குற்றத்தின் எதிரிகளாக நிற்கின்றனர். 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடு அப்படித்தான் வகுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவும் 137-வது பிரிவில் அதையே பின்பற்றுகிறது. தண்டனை ஏழு வருஷம் வரை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று விதிக்கப்படவில்லை. மைனரின் சம்மதம் சம்மதமாகாது. போடி வியாபாரிகள் ஏலக்காயைக்கூட நிறம் பார்த்து, பருமன் பார்த்துத் தரம் பிரித்தே விற்கிறார்கள். மனிதர்களை மட்டும் ஒரே மூட்டையில் கட்டுவது எந்த நியாயம்?

தரம் பிரிக்கும் வேலையை நீதிபதிகளே செய்யவேண்டியதாயிற்று. 1960-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, பதினெட்டு நிரம்ப ஆறு வாரமே இருக்கையில், தானே டெலிபோன் செய்து வரவழைத்த வாலிபருடன் சென்று விவாகத்தைப் பதிவு செய்துகொண்டாள். அவ்வாலிபருக்கு மாஜிஸ்ட்ரேட் ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தார். ஹைக்கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. வரதராஜன் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் இவ்வழக்கில், அழைத்துக்கொண்டு போவது வேறு, தானாக வருபவள் உடன் வரச் சம்மதிப்பது வேறு என்று ஸுப்ரீம் கோர்ட் 1964-ல் தீர்ப்பளித்து அவரை விடுதலை செய்தது. ஆயினும் 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் வந்தபின் இத்தகைய வாலிபர்களின் நிலை முன்னிலும் கடினமாகிவிட்டது. ஈரோட்டு வழக்கொன்றை 2021-ல் ரத்து செய்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பருவ வயதினரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று கூறினார். ஜாதி மாறிய காதலென்றால் பெண்ணின் வீட்டார் முதலில் நாடுவது கடத்தல் பிராதையே என்பதை நாம் அறியாதவர்களல்லோம்.

மறுபுறத்தில் மெய்யான கடத்தல் இருக்கிறது. அதற்கு இரக்கங்காட்ட வேண்டுமென்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். கடலூர் ஜில்லாவில் 2009-ல் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய ஏழு வயதுப் பையனைக் கடத்தி, ஐந்து லட்சம் ரூபாய் கேட்டு, கொன்றும் போட்டவனுக்கு மறு வருஷமே மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொல்லப்பட்டவன் ஒரே ஆண் பிள்ளை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஸுப்ரீம் கோர்ட் 2013-ல் அதை ஊர்ஜிதம் செய்தது. பத்து வருஷம் கழித்து, 2023 மார்ச்சில், அதே கோர்ட் அக்காரணத்தைத் தள்ளி, தண்டனையை இருபது வருஷத்துக்குக் குறையாத ஆயுள் சிறையாக மாற்றியது. இம்முடிவு சரியே என்பது நமது அபிப்பிராயம். பெண் பிள்ளையாயிருந்தால் நஷ்டம் குறைவு என்றா பொருள்? ஆனால் கைதியின் சிறை நடத்தையைப் பற்றிய உண்மைகளைப் போலீஸார் கோர்ட்டுக்கு மறைத்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியாயிற்று. தூக்குக் கயிற்றின் விஷயத்திலேயே இப்படியானால், சிறு வழக்குகளில் கேட்பாரில்லை.

தாமதத்தின் கேட்டுக்கு ராஜ்குமார் வழக்கைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2000-ஆம் வருஷம் ஜூலையில் வீரப்பன் அவரைத் தொட்டகாஜனூரிலிருந்து கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தான். இரண்டு ராஜ்யங்கள் கலங்கின. வீரப்பன் 2004-ல் மாண்டான்; ராஜ்குமார் 2006-ல் காலமானார்; கோபிசெட்டிபாளையம் கோர்ட் 2018 செப்டம்பரில், ருசுவில்லை என்று எஞ்சிய ஒன்பது எதிரிகளையும் விடுதலை செய்தது. நாடறிந்த நடிகருக்கே பதினெட்டு வருஷமென்றால், ஏலக்காய் பறிக்கும் கூலிக்காரிக்கு எத்தனை வருஷம்? இதற்கு மாறாக, திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து 2015-ல் கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்தபோதிலும், கோயிலின் காமிராப் பதிவு நிலைத்து நின்றது. தாயின் முயற்சியால் விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். வழக்கை நடத்த வேண்டிய முறையில் நடத்தினால் தண்டனை கிடைக்காமலில்லை.

சர்க்கார் செய்யவேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. குழந்தை காணவில்லையென்றால் உடனே வழக்குப் பதிவு செய்யவேண்டும் என்று ஸுப்ரீம் கோர்ட் 2013-லேயே உத்தரவிட்டது. சம்பவம் எந்த எல்லையில் நடந்ததாயினும் எந்த ஸ்டேஷனும் பிராது வாங்கவேண்டுமென்பது இன்று சட்டத்திலேயே எழுதப்பட்டு விட்டது. பூப்பாறையில் வேலை செய்யும் தாயை அங்கேயே எழுதிக்கொடுக்க விடாமல், போடிக்குப் போ என்று துரத்தும் அதிகாரியைத் தண்டிக்க வேறு மசோதா தேவையில்லை. பெண் தானாகச் சென்றாளா, தூக்கிச் செல்லப்பட்டாளா என்பதை அவள் வாயாலேயே மாஜிஸ்ட்ரேட் முன் தாமதமின்றி எழுதி வாங்கினால் பாதி வழக்குகளில் நிரபராதிகள் சிறை புகமாட்டார்கள்; மீதிப் பாதியில் குற்றவாளிகள் தப்பமாட்டார்கள்.

சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேனிக்கு வாய்தாவுக்கு வரும் தோட்டக் கூலிக்காரி அன்றையக் கூலியை இழக்கிறாள். எதிரியின் வக்கீல் வரவில்லை, ஜட்ஜி லீவு என்று இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்பினால், நாலாவது தடவை அவள் ஜீப்பில் ஏறி மலைக்குத்தான் போவாள். வழக்கும் அன்றே தோற்றுப்போகும். சாட்சிப் படியைத் தோட்டக் கூலிக்குக் குறையாமல், அன்றைக்கே, கோர்ட்டு வாசலிலேயே கையில் கொடுக்கச் சென்னை சர்க்கார் உடனே உத்தரவிடவேண்டும்.