யெஸ்டிக்கு எந்தப் பெட்ரோல்?

பதினொரு மழைக்காலம் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை வீட்டுச் சாய்ப்பில் தார்ப்பாய்க்குள் நின்றது அப்பாவின் யெஸ்டி பைக். அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் உற்பத்தியை நிறுத்தியபின் இந்த வண்டிக்கு ஆதரவு பழைய மெக்கானிக்குகள்தான். "எடைக்குப் போட்டுடு" என்றாள் அம்மா. மனசு வரவில்லை.

உதைக்க அவசரப்படவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைவழியே கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். டேங்க் துருவுக்குப் புளிக்கரைசலும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்கினேன். அன்று குழம்புக்குப் புளி இல்லாமல் போனது தனிக்கதை. கார்புரேட்டர் ஜெட்டில் பச்சைக் களிம்பு. மூன்றாம் ஞாயிறு, கியர் லிவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கி (யெஸ்டியில் கிக்கரும் அதுதான்) உதைத்தேன். நீலப்புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

என் வழக்கு பெட்ரோல் மேல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களை உப்பவைக்கும். கொச்சிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கலப்பே கூடாது என்று சொல்லவில்லை. எண்ணெய் இறக்குமதி குறையட்டும். ஆனால் எத்தனால் குறைந்த பெட்ரோல் ஊருக்கு ஒரு பங்கிலாவது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரை வடித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன்.