மாநாட்டுக்கு மதுரை போகிற மகளுக்கு

விழுப்புரம் பக்கத்துப் பெண் அவள். வேதியியலில் ஆய்வு, மூன்றாம் வருடம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்ததும் வீட்டில் கேசரி. அது ஆறுவதற்குள் அம்மா கேட்டுவிட்டார்: "அது சரி, ராத்திரி எங்கேடி தங்குவே?"

நியாயமான கேள்வி. அவள் போனில் தேடி எடுத்த பதில்தான் தப்பாகிப் போனது. வாடகை குறைவு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே என்று மாட்டுத்தாவணியில் ஓர் அறை பிடித்தாள். மாட்டுத்தாவணி ஊருக்கு வடகிழக்கே. பல்கலைக்கழகமோ மேற்கே, தேனி சாலையில், நாகமலை புதுக்கோட்டையையும் தாண்டி. பள்ளி, ஆபீஸ் போகிற நேரத்தில் மதுரையைக் குறுக்கே கடப்பது லேசுப்பட்ட காரியமா? ஒன்பதரை மணி அமர்வில் அவள் பெயரை அழைத்தபோது, அவள் காளவாசல் சிக்னலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருட உழைப்பைக் கடைசி ஆளாக ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. வாடகையில் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே போய்விட்டது.

ஆகவே, அறை தேடுவதற்கு முன் அமைப்பாளருக்கு ஒரு போன். மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விருந்தினர் இல்லத்து அறைகள் பெரும்பாலும் சிறப்புப் பேச்சாளர்களுக்கே போய்விடும். மாணவி என்றால், பெண்கள் விடுதியில் இரண்டு நாள் தங்க முடியுமா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

அது கிடைக்காவிட்டால் காளவாசல், ஆரப்பாளையம், பெரியார் நிலையம் பக்கம் தங்குவது புத்திசாலித்தனம். ஆரப்பாளையத்திலிருந்து தேனி, உசிலம்பட்டி போகும் பஸ்கள் பல்கலைக்கழக வழியாகத்தான் போகின்றன. நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் கருத்தரங்கு என்றால் அறையை வெகு முன்பே பிடித்துவிட வேண்டும். அந்த நாட்களில் மதுரையில் திண்ணைகூடக் கிடைக்காது.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ராத்திரி ரயில்கள் பலவும் விடியற்காலையிலேயே மதுரையில் இறக்கிவிட்டுவிடும். ஆனால் பல ஓட்டல்களில் மதியம் 12 மணிக்குத்தான் அறை. லாட்ஜில் '24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா' என்று முன்கூட்டியே கேட்காதவர்கள், பெட்டியும் கையுமாக ரிசப்ஷனில் உட்கார வேண்டியதுதான். குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால், உறுதியான டிக்கெட் இருப்பவர்கள் ரயில்வே ஓய்வறையை முன்பதிவு செய்துகொள்ளலாம்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர முகம் சுளிக்கும் லாட்ஜுகள் இன்றும் இருக்கின்றன. அசல் ஆதாரோடு கருத்தரங்கு அழைப்புக் கடிதத்தின் அச்சுப் பிரதியும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். பயணப்படி கேட்பதாக இருந்தால் டிக்கெட், லாட்ஜ் ரசீது எதையும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். ரசீதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மாலையில் மீனாட்சியைத் தரிசிக்கப் போகிறவர்கள் லேப்டாப் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை.