கார்டு கடனைப் பேசித் தீர்க்க நடுவில் ஒருவர் எதற்கு?

கிள்ளான், மலேசியா

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு,

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிரெடிட் கார்டு கடனில் பாதி கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி வாங்கித் தருகிறோம், வசூல் ஆட்களின் தொல்லையும் உங்களுக்கு இருக்காது என்கிறது அது. கீழே நம்மவர்கள் வரிசையாக நம்பர் கேட்டிருந்தார்கள். அதனால்தான் இதை எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

நமக்குக் கடன் புதிதல்ல. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோம். பிடித்த இறாலையும் நண்டையும் அவர் சொல்லும் விலைக்கே போடுவோம். அநியாயம்தான், ஆனால் அந்த ஆள் எதிரில் இருப்பார்; வாக்குவாதம் பண்ணலாம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம். பிள்ளைகள் காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் கம்பெனி வேலைக்குப் போன பிறகு சம்பளக் கணக்கோடு கார்டும் வீட்டுக்குள் வந்தது. அதைத் தேய்த்து எஞ்சின் வாங்கினோம், காது குத்தினோம், ஆஸ்பத்திரி பில் கட்டினோம். முகத்துவாரம் தூர்ந்து வரும்படி குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தவணை நின்றது. இப்போது கடன் கொடுத்தவருக்கு முகமே இல்லை, போனில் ஒரு குரல்தான். அந்தக் குரலுக்குப் பயந்துதான் விளம்பரக்காரனிடம் போகிறோம்.

முதலில் கணக்கு. ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் வட்டி அந்த அளவில்தான் இருக்கிறது. ஒரு மாத வட்டி 3,500. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 630. நீங்கள் 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய். "மினிமம் கட்டிக்கிட்டுத்தானே வர்றோம்" என்று சொல்லும் அக்காமார்கள் இந்த 870-ஐப் பார்க்க வேண்டும். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இனி அந்த விளம்பரக் கம்பெனியின் கணக்கு. பாக்கி இரண்டு லட்சம். அவர்கள் முதலில் சொல்வது, "வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், மாதாமாதம் இவ்வளவு தனியாகச் சேருங்கள்" என்பது. ஆறு மாதம் சேர்க்கிறீர்கள். வங்கி சும்மா இருக்காது. மாதம் 7,000 வட்டி, ஜி.எஸ்.டி.யோடு 8,260. ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 50,000 ஏறிவிடும். தாமதக் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை. இப்போது கடன் இரண்டரை லட்சம். அதில் பாதி 1,25,000. கம்பெனிக் கூலி, பழைய கடனான இரண்டு லட்சத்தில் 15 சதவீதம் என்று வைத்தால் 30,000, அதற்கும் ஜி.எஸ்.டி., ஆக 35,400. மொத்தம் 1,60,400. பாதி என்று சொன்னது பழைய கடனில் எண்பது சதவீதத்தில் வந்து நிற்கிறது. அதுவும் வங்கி ஒத்துக்கொண்டால்தான். அவர்களோடு பேச வேண்டும் என்று வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் அவர்கள் செய்வது உங்கள் பெயரில் ஒரு மெயில் அனுப்புவது.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து கார்டு வைத்துக்கொண்டு தூக்கம் போனவருக்கு, போனை வேறொருவர் எடுப்பதே பெரிய நிம்மதி. ஆனால் இந்தத் தொழிலுக்கு ரிசர்வ் வங்கி உரிமம் என்று ஒன்று கிடையாது. கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறோம் என்று கட்டணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள் என்று 2023 டிசம்பரில் அதே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அமெரிக்காவில் போனில் பிடித்து இந்தத் தொழில் செய்பவர்கள் ஒரு கடனையாவது தீர்த்துக் கொடுக்காமல் காசு வாங்கக் கூடாது என்று 2010-லேயே விதி போட்டுவிட்டார்கள். நான் இருக்கும் இந்த நாட்டில் ஏ.கே.பி.கே. என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 2006-ல் மத்திய வங்கியே தொடங்கியது. கடன் வாங்கியவரை உட்காரவைத்து, வரவு செலவு பார்த்து, வங்கிகளோடு பேசி, தவணை போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை. அப்படி ஒன்று நமக்கு இருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

அதுவரை நாமே பேச வேண்டியதுதான். கருக்கலில் ஏலத்தில் ஒரு கூடை மடவை மீனுக்கு விலை பேசத் தெரிந்த நமக்கு இது பேச வராதா? முதல் விலையை எதிராளி சொல்லட்டும், கையிலிருக்கும் காசு முழுவதையும் முதலிலேயே காட்டாதீர்கள். அவ்வளவுதான் வித்தை.

இரண்டு மூன்று தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்விட்டால் தள்ளுபடி கேட்கவே வேண்டாம். பாக்கியை இ.எம்.ஐ. ஆக்கிக் குறைந்த வட்டியில் கொடுங்கள் என்று கேட்கலாம். பல வங்கிகள் செய்கின்றன. அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் கடிதம் எழுதுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, தமிழில் எழுதி ஆங்கிலத்தில் ஒரு பிரதி. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வருமானம் ஏன் நின்றது என்று சொல்லி, மீனவர் அடையாள அட்டை, நிவாரணம் வரவான பாஸ்புக் பக்கம், ஆஸ்பத்திரி சீட்டு எது இருக்கிறதோ அதை வையுங்கள். எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். இது கெஞ்சல் இல்லை. சமரசத் தீர்வுக்கென்று ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

போனில் "சரி சார், எழுபதாயிரத்துக்கு முடிச்சிடலாம், இன்னைக்கே ஜிபே பண்ணுங்க" என்பார்கள். பண்ணாதீர்கள். வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகை, கடைசித் தேதி, கார்டின் கடைசி நான்கு எண், இதோடு கணக்கு தீர்ந்தது என்ற வரி, இவ்வளவும் வந்த பிறகு கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். வசூலுக்கு வருபவரின் சொந்த நம்பருக்குப் பத்து ரூபாய்கூடப் போகக் கூடாது. தேதி தவறினால் ஒப்பந்தம் கலைந்துவிடும்; அதனால் அடுத்த முறை வலை போடும்போது கிடைக்கப்போகும் இறாலை நம்பித் தேதி கொடுக்காதீர்கள். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். இன்னொன்று: கார்டு கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு இருந்தால், அதிலிருக்கும் பணத்தைக் கடனுக்கு ஈடாகப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. நிவாரணப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக்கு விலை உண்டு. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அதே வங்கி குறைந்தது ஒரு வருடம் புதுக் கடன் தராது. மற்ற வங்கிகளும் அந்த வார்த்தையைப் பார்த்துத் தயங்கும். மகனுக்கு வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால், கொஞ்சம் கூடுதல் காலம் வாங்கி முழுவதும் கட்டுவதே மேல். கம்பெனிக்காரர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் மானத்தை வாங்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. மீறினால் நாளும் நேரமும் குறித்து, குரலைப் பதிவு செய்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஒம்புட்ஸ்மேன்) போகலாம். செலவில்லை; 14448-ல் விவரம் சொல்வார்கள். கட்ட முடியாமல் போனதற்காக போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது, இது சிவில் விவகாரம். ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்கு வரும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வங்கிக்கும் கொடுக்காதீர்கள், விளம்பரக்காரனுக்கும் கொடுக்காதீர்கள்.

தனியாகப் பேசத் துணிவில்லாதவர்களுக்குப் பொன்னேரி நீதிமன்ற வளாகம் இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் வங்கியைக் கூப்பிட்டுப் பேசவைக்கலாம். கட்டணமில்லை. அங்கே ஒத்துக்கொண்டது தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஆகவே தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. கார்டு மகன் பேரில் இருந்தாலும் பேசப் போவது பெரும்பாலும் அம்மாக்கள்தான், கூட ஒரு படித்த பிள்ளை போகட்டும். சாத்தான்குப்பத்திலும் நடுவூர் மாதா குப்பத்திலும் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்களே, கம்பெனிக்குக் கொடுக்கும் 35,400-க்குப் பதில் அவர்களுக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள்.

வங்கிக் கடிதம் புரியவில்லை என்றால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை படித்துச் சொல்கிறேன். கார்டு நம்பரை விரலால் மறைத்து எடுங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பிள்ளை