முகவரியாக உருமாறிய சாதி: கண்ணகி நகரின் வண்ணச் சுவர்களும் மறுக்கப்படும் வாய்ப்புகளும்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவியாக விளையாடிய கார்த்திகாவை ஊடகங்களும் சமூக வலைத்தளங்களும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே கொண்டாடின. தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அத்தொகை போதுமா, போதாதா என்ற விவாதம் சில நாள்கள் நீடித்து ஓய்ந்தது. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. ஒரு விளையாட்டு வீராங்கனையின் பெயருக்கு முன்னால் அவர் வாழும் பகுதியின் பெயர் பெருமிதத்தோடு ஒட்டிக்கொண்டது ஏன் அத்தனை பெரிய செய்தியானது? அப்பெயரை வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதவே தயங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதே பகுதியில் வாழ்கிறார்கள் என்பதுதான் அதற்கான பதில்.

கண்ணகி நகர் தானாக உருவான ஊர் அன்று. 2000 ஆம் ஆண்டில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஒக்கியம் துரைப்பாக்கத்தில், அன்றைய குடிசை மாற்று வாரியம் உருவாக்கிய மறுகுடியமர்வுப் பகுதி அது. நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும் சாலையோரங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் இங்கு கொண்டுவந்து இறக்கப்பட்டனர். 15,656 வீடுகள் கொண்ட இக்குடியிருப்பில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களோடு மீனவர், இசுலாமியர், கிறித்தவர், பிற பிற்படுத்தப்பட்ட சாதியினர், தெலுங்கு பேசும் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் என நகரின் உழைக்கும் மக்கள் அனைவரும் இங்கு உள்ளனர். பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இதே வழியில் உருவாயின. சென்னையைக் கட்டியெழுப்பிய பூர்வகுடிகளை அந்நகரின் விளிம்புக்குத் தள்ளிய வரலாறு இது.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்துத் தனிமனிதரையே அலகாக ஏற்றார். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் சமத்துவத்துக்கு இடமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். முகமறியா மனிதர்கள் கலந்து வாழும் நகரத்தில் சாதி தளரும் என்ற நம்பிக்கையோடுதான் நம் முன்னோர்கள் பலர் நகரம் நோக்கி வந்தனர். அந்த நகரமே இன்று தனக்கென ஓர் ஊரையும் ஒரு சேரியையும் மீண்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. கிராமத்தில் தெருவின் பெயர் சாதியைச் சொல்லும். சென்னையில் பேருந்து நிறுத்தத்தின் பெயர் சொல்கிறது.

சுவர்கள் பேசுகின்றன, கதவுகள்?

2020 ஆம் ஆண்டில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முன்னெடுப்பில் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் மிகப் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. 'சென்னையின் கலை மாவட்டம்' என அப்பகுதி அறிமுகப்படுத்தப்பட்டது. புகைப்படக் கலைஞர்களும் கல்லூரி மாணவர்களும் அதுவரை கால் வைத்திராத தெருக்களுக்குள் வந்தனர். இதை நாம் இழிவாகக் கருதவில்லை. குற்றச் செய்திகளில் மட்டுமே இடம்பெற்ற ஒரு பகுதி கலைச் செய்தியில் இடம்பெறுவதற்கு மதிப்பு உண்டு. தம் வீட்டுச் சுவரில் தம்மைப் போன்ற முகங்களைக் காணும் குழந்தைக்கு அது என்ன தரும் என்பதை அளவுகோலால் அளந்துவிட முடியாது.

ஒடுக்கப்பட்டோரின் கலைகள் அண்மைக் காலத்தில் பெற்றுவரும் ஏற்பும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. சாவு வீட்டோடு சுருக்கப்பட்டிருந்த கானாவும் பறையும் 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் மூலம் புதிய மேடை கண்டன. 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்தில் தனக்கான இடத்தைப் பிடித்தது. 2025 ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. எவரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல.

ஆயினும் கலைக்குக் கிடைத்த இடம் கலைஞருக்குக் கிடைத்ததா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கானா பிறந்த கூவக் கரையின் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தப்படுகின்றன. தீவுத்திடலுக்கு அருகிலிருந்த சத்தியவாணிமுத்து நகர் மக்கள் 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், பெரும்பாக்கத்துக்கு வெளியேற்றப்பட்டனர். பாட்டு மேடையேறுகிறது, பாடுபவரின் வீடு லாரியில் ஏறுகிறது. இவ்விரண்டும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் நடக்கின்றன.

முகவரியைக் கேட்கும் நேர்காணல்

சட்ட உதவி நாடி எங்களிடம் வரும் இளைஞர்கள் கூறுபவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நேர்காணல் நன்றாகவே நடக்கிறது. ஆதார் அட்டையைப் பார்த்ததும் பேச்சின் தொனி மாறுகிறது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். கடன் கேட்டால் அந்தப் பகுதிக்குக் கொடுப்பதில்லை என்ற பதில் வாய்மொழியாக மட்டுமே வருகிறது. எழுத்தில் எதுவும் தரப்படுவதில்லை. எவரும் சாதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. முகவரியே அதைச் சொல்லிவிடுகிறது.

நடந்து செல்லும் தொலைவில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. கண்ணகி நகருக்கு அங்கே கிடைப்பவை பெரும்பாலும் துப்புரவுப் பணியும் காவலர் பணியும்தான், அவையும் ஒப்பந்த முறையில். பட்டம் பெற்ற முதல் தலைமுறையும் அதே வாயிலில், அதே சீருடையோடு நிற்க நேர்ந்தால், அதை வேலைவாய்ப்பு என்று பெயரிடுவது பொருத்தமாகாது.

இங்குச் சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 15 ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. 'வசிப்பிடம்' அப்பட்டியலில் இல்லை. 16(2) ஆவது பிரிவில் அச்சொல் உண்டு. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டுமே பொருந்தும். தனியார் நிறுவனம் முகவரியைக் காரணம் காட்டி மறுத்தால், நேரடியாகக் கை வைக்கத்தக்க சட்டப்பிரிவு நம்மிடம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்வதும் எளிதன்று. பாகுபாடு காட்டியவர் சாதியின் பெயரை உச்சரிக்கவே இல்லையே.

ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது. 2021 மார்ச்சில் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மறைமுகப் பாகுபாடு' என்ற கருத்தை விரிவாக ஏற்றது. வெளிப்பார்வைக்கு நடுநிலையாகத் தோன்றும் ஒரு விதி, நடைமுறையில் ஒரு பிரிவினரை அளவுக்கு மீறிப் பாதித்தால் அதுவும் பாகுபாடே. உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இராணுவத்தில் பெண்களின் நிரந்தரப் பணி தொடர்பான வழக்கு அது. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்து 2024 அக்டோபரில் வந்த சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பும் சாதிக்கு இதே பார்வையைப் பொருத்திக் காட்டியது. தலித்துகளைப் பெருமளவில் ஓரிடத்தில் குடியமர்த்தியது அரசு. அந்த இடத்தின் பெயரால் அவர்களுக்குக் கடனோ வேலையோ மறுக்கப்படுமானால் அது மறைமுகச் சாதிப் பாகுபாடாகும். பொதுத்துறை வங்கிகளுக்கும் அரசின் ஒப்பந்ததாரர்களை நியமிக்கும் துறைகளுக்கும் எதிராக இவ்வாதத்தை நாம் இன்னும் முழுமையாக நீதிமன்றத்தில் வைக்கவில்லை.

அறிவிக்கப்படாத மக்கள்

முகவரிக்கு ஏற்பட்ட இழிவின் வேர் வெளியேற்றத்தில் இருக்கிறது. தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம், 1971, தன் பெயரிலேயே மேம்பாட்டை முதலில் வைத்தது. அச்சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. சென்னையில் 1971 இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985 இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகளாகப் புதிய அறிவிப்பு இல்லை. அறிவிக்கப்படாதவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' ஆனார்கள். 2021 இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. அறிவிப்புப் பட்டியல் மாறவில்லை.

மாணவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை (1985) இறுதிவரை படிக்க வேண்டும். வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்த பின் நடைபாதைவாசிகளை அகற்றவும் அனுமதித்தது. அதைத் தாண்டிச் சென்றது 2019 ஆம் ஆண்டின் அஜய் மாக்கன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. குடிசைவாசிகளைச் சட்டவிரோத ஆக்கிரமிப்பாளர்களாகப் பார்ப்பதை மறுத்து, நகரத்தின் மீதான அவர்களது உரிமையை அது பேசியது. அவர்களோடு கலந்து பேசி மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் வெளியேற்றக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் நாம் வலியுறுத்த வேண்டியதும் அதுவே: இருக்கும் இடத்திலேயே வீடு.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆவணம். முகவரியின் பெயரால் மறுக்கப்பட்ட ஒவ்வொரு கடனையும் வேலையையும் நாள், இடம், பேசியவரின் பதவி ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். மறைமுகப் பாகுபாட்டு வழக்கு எண்ணிக்கையால் நிற்பது. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.

இரண்டாவதாக, நிதி. 2024 இல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்படும் தொகையில் எவ்வளவு இந்த மறுகுடியமர்வுப் பகுதிகளின் மைதானத்துக்கும் நூலகத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் வந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, சட்ட உதவி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 இன் 12 ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். ஓர் இளைஞர் அப்பகுதியைச் சேர்ந்தவர் என்பதற்காகவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129 ஆவது பிரிவின்கீழ் நன்னடத்தைப் பிணை கேட்கப்படும்போது, அந்த விசாரணைக்கு வழக்கறிஞரோடு செல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒட்டி வைக்க வேண்டும்.

கார்த்திகாவின் தங்கம் அவருடைய உழைப்புக்குக் கிடைத்தது. அதைக் காட்டி, திறமை இருந்தால் எங்கிருந்தும் வரலாம் என்று சொல்வோர் அனைவருக்கும் நம் பதில் ஒன்றே. தங்கம் வென்றால்தான் தன் ஊரின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல முடியும் என்ற நிலை, தோற்றவருக்கும் விளையாடாதவருக்கும் இழைக்கப்படும் அநீதி. அண்ணா நகரில் வாழும் எவரும் தம் முகவரியைச் சொல்வதற்குப் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. கண்ணகி நகரில் வாழும் எவருக்கும் அத்தேவை இருக்கக் கூடாது.